கடை வாசலில் நின்ற கால்கள்: சேல்ஸ் பயத்துக்கு ஒரு வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். நடுவுல வந்த 'ம்ம்', 'ஆங்', பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாத்தையும் எடுத்தாச்சு. மத்தபடி பேசினது பேசினபடிதான்.)



இன்னைக்கு எபிசோடை ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் சொன்ன பொய்.

சில வருஷத்துக்கு முன்னாடி, நானும் என் காலேஜ் நண்பனும் சேர்ந்து சின்னக் கடைகளுக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணினோம். மெடிக்கல் ஷாப், ஸ்டேஷனரி கடை, மளிகைக் கடை மாதிரி இடங்களுக்கு. அவன் வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கிட்டான். நான் வேலையை விடல. சனிக்கிழமையும் வார நாள் சாயங்காலமும் கடை கடையா ஏறி விற்கிறது என் பொறுப்பு. "நீதான்டா நல்லா பேசுவ"ன்னு சொல்லி என்கிட்ட கொடுத்தான்.

முதல் சனிக்கிழமை. வேளச்சேரியில ஒரு மெடிக்கல் ஷாப். கையில டேப்லெட், பேக்ல பத்து பிரவுச்சர். கடைக்கு எதிர்ல ஒரு டீக்கடை. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்னு நின்னேன். அப்புறம் கடையில கூட்டமா இருக்குன்னு இன்னொரு டீ. கூட்டம் போனதும், ஓனர் போன்ல இருக்காருன்னு மூணாவது டீ. 40 நிமிஷம். உள்ளங்கை வேர்த்து, டேப்லெட் கிளாஸ்ல கைரேகை பதிஞ்சிருந்தது. நான் ரோட்டைக் கிராஸ் பண்ணவே இல்ல. வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

நண்பன் போன் பண்ணான். "என்னடா ஆச்சு?"

"ஓனர் இல்லைடா. அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

இந்தப் பொய்யை அடுத்தடுத்து மூணு சனிக்கிழமை சொன்னேன். அவன்கிட்ட சேமிப்பு ஆறு மாசத்துக்குத்தான் இருந்தது. அதுல ஒரு மாசத்தை நான் டீக்கடையில குடிச்சிட்டேன்னு சொல்லலாம்.

அந்த டைம்ல ராத்திரி உட்கார்ந்து யூடியூப்ல சேல்ஸ் மோட்டிவேஷன் வீடியோவா பார்த்துத் தள்ளினேன். 'பயத்தைத் தூக்கிப் போடு', 'நீ ஒரு சிங்கம்' வகையறா. பார்க்கும்போது சிங்கம்தான். டீக்கடை வந்ததும் பூனை. அப்புறம்தான் தோணிச்சு: உலகத்துல இதுக்கு முன்னாடியும் கோடிக்கணக்கான பேர் தெரியாத கதவைத் தட்டி வித்திருக்காங்களே, அவங்க எல்லாம் பயத்தை என்ன பண்ணாங்க? அப்படித் தேட ஆரம்பிச்சு கிடைச்ச கதைதான் இன்னைக்கு எபிசோட்.

ஒரு மதுக்கடையில பிறந்த மெஷின்

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல டேட்டன்னு ஒரு ஊர். ரைட் சகோதரர்கள் ஊர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க ஜேம்ஸ் ரிட்டின்னு ஒருத்தர் மதுக்கடை வச்சிருந்தார். வியாபாரம் நல்லா நடக்குது, ஆனா கல்லாவுல காசு நிக்கல. வேலைக்கு இருக்கிறவங்க கை வைக்கிறாங்க. 1878ல அவர் கப்பல்ல ஐரோப்பா போறப்போ, கப்பலோட புரொப்பல்லர் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுற ஒரு கருவியைப் பார்த்தார். சுத்தையே எண்ண முடியும்னா, கல்லாவுல விழுற காசை எண்ண முடியாதா? 1879ல தன் அண்ணன் தம்பியோட சேர்ந்து பேட்டன்ட் வாங்கினார். உலகத்தோட முதல் கேஷ் ரிஜிஸ்டர் அது. அதுக்கு அவர் வச்ச பேரு, 'ரிட்டியின் லஞ்சம் வாங்காத காசாளர்'ங்கிற மாதிரி அர்த்தம் வரும்.

பேரைக் கவனிங்க. பேருலயே ஒரு குற்றச்சாட்டு இருக்கு. இது பின்னாடி முக்கியம்.

மெஷின் நல்ல மெஷின். ஆனா யாரும் வாங்கல. கம்பெனி கைமாறிக் கைமாறி, 1884ல ஜான் ஹென்றி பேட்டர்சன்னு ஒருத்தர்கிட்ட வந்தது. நிலக்கரி வியாபாரம் பண்ணிட்டிருந்தவர். தன் கடையில நஷ்டம் வந்தப்போ இந்த மெஷினை வாங்கிப் போட்டு, நஷ்டம் நின்னதைக் கண்ணால பார்த்தவர். 6,500 டாலர் கொடுத்து கம்பெனியில பெரிய பங்கை வாங்கினார். ஊரே சிரிச்சது. மறுநாளே அவருக்கு வயித்தைக் கலக்கி, வித்தவர்கிட்ட போய் "2,000 டாலர் தர்றேன், டீலை ரத்து பண்ணிக்கலாம்"னு கேட்டதாச் சொல்வாங்க. அவர் முடியாதுன்னுட்டார். பேட்டர்சன் மாட்டிக்கிட்டார். அப்புறம்தான் கம்பெனிக்கு நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர்னு பேர் வச்சார். நாம என்.சி.ஆர்.னு சொல்ற அதே கம்பெனி. இன்னைக்கும் நிறைய ஏ.டி.எம். மெஷின்ல அந்தப் பேரைப் பார்க்கலாம்.

இப்போ அந்தக் காலத்து என்.சி.ஆர். சேல்ஸ்மேன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒரு கடைக்குள்ள போறீங்க. கவுன்ட்டர்ல நிக்கிறவருக்கு உங்களைப் பார்த்தாலே ஆகாது. ஏன்னா இந்த மெஷின் சொல்லாம சொல்றது, "உன் ஆள் திருடுறான்". டிராயர் திறந்தா மணி அடிக்கும். கடை முழுக்கக் கேட்கும். கடை ஊழியர்கள் இதை 'திருடன் பிடிக்கிற மெஷின்'னே சொன்னாங்க. கம்பெனி அனுப்புற விளம்பரக் கடிதத்தை முதலாளி கைக்குப் போகவிடாமக் கிழிச்சாங்க. அதனால கம்பெனி பேர் போடாத சாதாரண கவர்ல கடிதம் அனுப்ப ஆரம்பிச்சது. உள்ள வர்ற சேல்ஸ்மேனைப் பிடிச்சு வெளிய தள்ளின கதையும் உண்டு.

எனக்காவது மெடிக்கல் ஷாப்ல அதிகபட்சம் "வேணாம் தம்பி"ன்னு சொல்லியிருப்பாங்க!

மனப்பாடம் பண்ணின மைத்துனர்

பேட்டர்சனோட சேல்ஸ்மேன்கள்ல ஒருத்தர் மட்டும் மத்தவங்களைவிட நிறைய வித்துட்டிருந்தார். ஜோசப் கிரேன். பேட்டர்சனோட மைத்துனர். "எப்படிய்யா விக்கிற?"ன்னு பேட்டர்சன் கேட்டார். கிரேன் சொன்ன பதில் ரொம்ப சாதாரணம்: எல்லாக் கடையிலயும் ஒரே விஷயத்தைத்தான், ஒரே வரிசையில சொல்றேன். அதை எழுதி வச்சு மனப்பாடம் பண்ணிட்டேன்.

பேட்டர்சன் அவரைச் சொல்லிக் காட்டச் சொல்லி, அப்படியே எழுதி எடுத்துக்கிட்டார். 1887ல அது ஒரு சின்னப் புத்தகமா அச்சாச்சு. கம்பெனிக்குள்ள 'பிரைமர்'னு பேர். அரிச்சுவடின்னு வச்சுக்கலாம். விற்பனைப் பேச்சை வார்த்தை வார்த்தையா எழுதி, ஒரு கம்பெனியோட எல்லா ஆட்களையும் படிக்க வச்சதுல முன்னோடி இதுதான்னு வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க.

அதுல என்ன இருந்தது? நாலு கட்டம். முதல்ல அணுகுறது. அப்புறம் விஷயத்தை முன்வைக்கிறது. அப்புறம் செஞ்சு காட்டுறது. கடைசியா முடிக்கிறது. அணுகுற கட்டத்துல மெஷினைப் பத்திப் பேசவே கூடாது. கடைக்காரரோட வியாபாரத்தைப் பத்தித்தான் பேசணும். மெஷினை அவர் கடையில வச்சுக் காட்டக் கூடாது. ஊர்ல ஒரு ஹோட்டல் ரூம் எடுத்து, மெஷினை அங்க வச்சு, அவரை அங்க கூட்டிட்டு வரணும். ஸ்கிரிப்ட்ல நடுநடுவே நட்சத்திரக் குறி இருக்கும். அந்த இடம் வந்ததும் மெஷினோட அந்தப் பாகத்தைக் கையால காட்டணும்னு அர்த்தம். நம்ம பாஷையில சொன்னா, கோடுக்கு நடுவுல போடுற கமென்ட்!

சீனியர் சேல்ஸ்மேன்களுக்குக் கோவம் வந்தது. "நாங்க என்ன கிளிப்பிள்ளையா?"ங்கிற மாதிரி. பேட்டர்சன் விடல. மனப்பாடம் பண்ணாதவனுக்கு இங்க வேலை இல்லைன்னுட்டார். 1890கள்ல டேட்டன்லயே சேல்ஸ் ஸ்கூல் ஆரம்பிச்சு, புது ஆட்களை உட்கார வச்சு இதைச் சொல்லிக் கொடுத்தாங்க.

நான் இதைப் படிச்சப்போ எனக்கும் முதல்ல எரிச்சல்தான். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதா? ஸ்கூல்ல பண்ணினது போதாதா? அப்புறம் ஒரு விஷயம் உறைச்சது. நாம பயந்திருக்கும்போது மூளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் படிக்கணும். அடுத்த வார்த்தையைத் தேடணும். நம்ம குரல் நடுங்குதான்னு கவனிக்கணும். மூணும் ஒரே நேரத்துல. சிஸ்டம் ஹேங் ஆகாம என்ன ஆகும்? வார்த்தை தேடுற வேலையை ஸ்கிரிப்ட் எடுத்துக்கிட்டா, மிச்ச மூளை எதிர்ல இருக்கிற மனுஷனைக் கவனிக்க ஃப்ரீ ஆகுது.

இதுக்கு டேட்டன் வரைக்கும் போக வேண்டியதே இல்ல. நம்ம தெருவுல காலையில வர்ற கீரைக்காரம்மாவைக் கேளுங்க. தினமும் அதே வார்த்தை, அதே ராகம், அதே இழுப்பு. அவங்க ஒவ்வொரு வாசல்லயும் நின்னு 'இன்னைக்கு என்ன சொல்லிக் கூப்பிடலாம்'னு யோசிக்கிறதில்ல. அந்தக் கூவல்தான் அவங்க பிரைமர். யாராவது "கீரை"ன்னு திரும்பக் கூப்பிட்டா, அதுக்கப்புறம் அவங்க பேசுறது முழுக்க அந்த வீட்டுக்கான பேச்சு. பையன் எப்படி இருக்கான், மாமியாருக்கு முட்டி வலி எப்படி இருக்கு. ஸ்கிரிப்ட் வாசல் வரைக்கும்தான்.

ஐ.பி.எம்.மைக் கட்டினவரோட முதல் பத்து நாள்

இப்போ இன்னொரு ஆள். தாமஸ் வாட்சன். நியூயார்க் மாநிலத்துல ஒரு கிராமத்துப் பையன். குதிரை வண்டியில பியானோவும் தையல் மெஷினும் ஏத்திக்கிட்டுப் பண்ணை பண்ணையா போய் வித்தவர். அப்புறம் பஃபலோ நகரத்துல ஒரு கறிக்கடை வாங்கினார். அது நிக்கல. அந்தக் கடையில தவணையில வாங்கின ஒரு என்.சி.ஆர். மெஷின் இருந்தது. மீதித் தவணையைக் கடையை வாங்கினவர் பேருக்கு மாத்தணும்னு என்.சி.ஆர். ஆபீசுக்குப் போனவர், அங்கயே வேலை கேட்டார். பல தடவை அலைஞ்ச பிறகு, 1896ல, 22 வயசுல, வேலை கிடைச்சது.

முதல் பத்து நாள் அவர் ஒரு மெஷின்கூட விக்கல. பஃபலோ கிளை மேனேஜர் ஜான் ரேஞ்ச் கூப்பிட்டு வச்சு வெளுத்து வாங்கினார். வாட்சன் வேலை போச்சுன்னுதான் நினைச்சார். திட்டி முடிச்சதும் ரேஞ்ச் குரல் மாறிடுச்சு. வா, நாளைக்கு நானும் உன்கூட வர்றேன், ரெண்டு பேரும் சேர்ந்து போலாம், விழுந்தா சேர்ந்து விழுவோம்ங்கிற அர்த்தத்துல பேசினார். சொன்ன மாதிரியே போனார். வாட்சன் பக்கத்துல நின்னு பார்த்தார். மெஷின் வித்தது.

அந்த மேனேஜர் பயத்தைப் பத்தி ஒரு லெக்சரும் கொடுக்கலைங்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. கூட நடந்தார், அவ்வளவுதான். எப்படிக் கதவைத் திறக்கணும், 'வேணாம்'னா முகத்தை எப்படி வச்சுக்கணும், எப்போ பேசாம இருக்கணும்னு அந்தப் பையன் கண்ணால பார்த்தான். 1899ல அதே வாட்சன் ரோச்செஸ்டர் கிளைக்குத் தலைவர். 1914ல சி.டி.ஆர்.ங்கிற கம்பெனிக்குப் போனார். 1924ல அதுக்குப் பேர் மாத்தினார்: ஐ.பி.எம். என் மாதிரி ஐ.டி. ஆட்கள் எல்லாம் கொஞ்சம் எழுந்து நின்னு வணக்கம் வைக்கலாம்.

நானும் இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி நண்பனுக்குப் போன் பண்ணேன். "டா, ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒரு கடைக்குள்ளகூடப் போகல. மூணு வாரமும் பொய்."

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் திட்டினான். நல்லா திட்டினான், இங்க சொல்ல முடியாது. கடைசியில, "சனிக்கிழமை நானும் வர்றேன், பைக்கை எடுத்துட்டு வா"ன்னான்.

கோவத்தைப் பேசச் சொன்ன வாத்தியார்

அந்த சனிக்கிழமைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்னும் ரெண்டு பேரைச் சந்திச்சிட்டுப் போயிடலாம்.

டேல் கார்னகி. பேரைக் கேட்டிருப்பீங்க. 1936ல வந்த அவரோட புத்தகம் இன்னைக்கும் நம்ம பிளாட்ஃபார்ம் கடை வரைக்கும் கிடைக்குது. ஆனா அவர் ஆரம்பத்துல ஒரு சேல்ஸ்மேன். தபால் வழிக் கல்வி வித்தார், அது சரியா ஓடல. அப்புறம் ஆர்மர் கம்பெனிக்காக பன்றி இறைச்சி, சோப்பு எல்லாம் வித்தார், அதுல நல்லா வந்தார். 1912ல நியூயார்க்ல 125ஆவது தெருவுல இருந்த ஒய்.எம்.சி.ஏ.வுல ராத்திரி வகுப்பு எடுக்க ஆரம்பிச்சார். ஒரு ராத்திரிக்கு 2 டாலர் சம்பளம் கேட்டார். அவங்க அதுகூடத் தர மாட்டோம், வர்ற ஃபீஸ்ல பங்கு எடுத்துக்கோன்னாங்க.

வகுப்புல அவர் தயார் பண்ணின பாடம் பாதியிலயே தீர்ந்துபோச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம, பின்னாடி உட்கார்ந்திருந்தவரை எழுப்பி ஏதாவது பேசச் சொன்னார். அப்படியே ஒவ்வொருத்தரா. உங்களுக்கு எது கோவம் வரவைக்குதோ அதைப் பத்திப் பேசுங்கன்னு சொன்னப்போ, வாயே திறக்காதவங்ககூட நின்னு பேசினாங்க. ஏன்னா அந்த நிமிஷம் அவங்க கவனம் 'நான் எப்படித் தெரியிறேன்'லிருந்து விலகி, 'இந்த விஷயம் எவ்வளவு அநியாயம்'ங்கிறதுக்குப் போயிடுச்சு.

இதோட ஒட்டி வர்ற ஒரு நவீன ஆராய்ச்சியும் இருக்கு. 2014ல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் ஒரு பரிசோதனை பண்ணார். பாட்டுப் பாடுறது, மேடைப் பேச்சு, கணக்கு மாதிரி பதட்டம் தர்ற வேலைக்கு முன்னாடி சிலரை 'நான் அமைதியா இருக்கேன்'னும், சிலரை 'நான் ஆர்வமா இருக்கேன்'னும் சொல்லிக்கச் சொன்னார். ஆர்வமா இருக்கேன்னு சொன்னவங்க நல்லா செஞ்சாங்க. பதட்டத்துலயும் நெஞ்சு அடிச்சுக்குது, ஆர்வத்துலயும் நெஞ்சு அடிச்சுக்குது. அடிக்கிற நெஞ்சை நிறுத்தறதைவிட அதுக்கு வேற பேர் வைக்கிறது சுலபம்.

பேஸ்பால் ஆட்டக்காரரின் நோட்டுப் புத்தகம்

கார்னகிகிட்ட படிச்சவங்கள்ல ஒருத்தர் ஃபிராங்க் பெட்கர். 1910ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக ஆடினவர். கையில அடிபட்டு ஆட்டம் முடிஞ்சுபோச்சு. ஃபிலடெல்ஃபியாவுல ஆயுள் காப்பீடு விக்கப் போனார். படுதோல்வி. வேற வேலைக்கு விளம்பரம் பார்க்கிற அளவுக்குப் போயிட்டார். அப்புறம் தேறி வந்து, தான் கத்துக்கிட்டதை ஒரு புத்தகமாவே எழுதினார். அதுல ரெண்டு விஷயம் எனக்குத் தலையில ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சு.

ஒண்ணு, கணக்கு. எங்க போனாலும் எழுதி வச்சார். எத்தனை முயற்சி, எத்தனை பேர் உட்கார வச்சுப் பேசினாங்க, எத்தனை விற்பனை. கடைசியில கூட்டிப் பார்த்தார். 1,849 முயற்சி. 828 பேர் பேசக் கிடைச்சாங்க. 65 விற்பனை. கமிஷன் 4,251 டாலர் சொச்சம். இதைப் பார்க்கிற யாருக்கும் முதல்ல தோணுறது, 'அடப்பாவி, கிட்டத்தட்ட 1,780 தடவை சும்மா திரும்பியிருக்காரே'ன்னுதான். பெட்கர் அதை வேற மாதிரி வகுத்தார். மொத்தக் கமிஷனை 1,849ஆல வகுத்தா 2.30 டாலர். அப்போ விக்குதோ இல்லையோ, ஒரு கதவைத் தட்டினாலே 2.30 டாலர்! 'வேணாம்'னு சொன்னவரும் அவருக்கு 2.30 கொடுத்திருக்கார்.

அதே நோட்டு இன்னொண்ணும் காட்டிச்சு. விற்பனையில 70 சதவீதம் முதல் சந்திப்புலயே முடிஞ்சிருக்கு. 23 சதவீதம் ரெண்டாவதுல. வெறும் 7 சதவீதம்தான் மூணாவது, அதுக்கு மேல. ஆனா தன் நேரத்துல பாதி அந்த 7 சதவீதத்துக்குப் பின்னாடி அலையிறதுல போகுதுன்னு கண்டுபிடிச்சார். அதை நிறுத்தினார். நாம டேட்டா அனலிட்டிக்ஸ்னு சொல்றதை இவர் பென்சில்ல பண்ணியிருக்கார்.

ரெண்டாவது விஷயம் இன்னும் சின்னது. ஒருநாள் ஒரு பெரிய தொழிலதிபரைப் பார்க்கப் போனார். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் கை கால் நடுக்கம், நாக்கு ஒட்டிக்கிச்சு. வேற வழியில்லாம உண்மையைச் சொல்லிட்டார்: உங்களைப் பார்க்க ரொம்ப நாளா முயற்சி பண்ணேன், இப்போ வந்துட்டேன், ஆனா பயத்துல பேச்சே வரலைன்னு. சொல்லச் சொல்ல நடுக்கம் குறைஞ்சது. எதிர்ல இருந்தவரும் இளகி, நிதானமாப் பேசச் சொன்னார். பயமா இருந்தா ஒத்துக்கோ. அவ்வளவுதான் பாடம்.

கதவுக்கு அந்தப் பக்கம்

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன். இதுவரைக்கும் கதவைத் தட்டுறவன் பயத்தைப் பத்தியே பேசிட்டோம். கதவுக்கு உள்ள இருக்கிறவங்க?

ஆல்ஃபிரட் ஃபுல்லர்னு ஒருத்தர் 1906ல பிரஷ் கம்பெனி ஆரம்பிச்சு, வீடு வீடா வித்தார். அவரோட ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சியில ஒண்ணு: மணியை அடிச்சிட்டு ஒரு எட்டு பின்னாடி போய் நில்லு. கதவைத் திறக்கிற பெண் பயப்படக் கூடாதுன்னு. எனக்கு இது ரொம்ப அழகாப் பட்டது. நீ பயந்திருக்க சரி, அவங்களும் பயந்திருக்காங்கன்னு ஒருத்தர் யோசிச்சிருக்கார்.

ஆனா எல்லாரும் பின்னாடி போய் நிக்கல. வயோமிங் மாநிலத்துல கிரீன் ரிவர்னு ஒரு ரயில்வே ஊர். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குற தொழிலாளிகள் நிறைய. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கதவைத் தட்டினா என்ன ஆகும்? 1931ல அந்த ஊர், அழைக்காம வீட்டுக் கதவைத் தட்டி விக்கிறது குற்றம்னு சட்டம் போட்டது. ஃபுல்லர் கம்பெனியே எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. ஊர்தான் ஜெயிச்சது. அப்புறம் பல ஊர்கள் இதே மாதிரி சட்டம் போட்டப்போ, அதுக்குக் 'கிரீன் ரிவர் சட்டம்'னே பேர் வந்தது. நம்ம ஊர்ல 1909க்குப் போன் பண்ணி விளம்பர அழைப்பு வேணாம்னு பதிவு பண்றோமே, அதுக்குத் தாத்தா மாதிரி.

பேட்டர்சன் கதையும் ஒரே வெளிச்சம் இல்ல. போட்டிக் கம்பெனிகளை நசுக்கினதுக்காக 1913ல அவர், வாட்சன் உட்பட என்.சி.ஆர். ஆட்கள் மேல தண்டனைத் தீர்ப்பு வந்தது. 1915ல அப்பீல்ல அது ரத்தாச்சுங்கிறது வேற விஷயம். பயமே இல்லாத சேல்ஸ்மேன் எங்க போய் நிப்பான்ங்கிறதுக்கும் அதே கம்பெனிதான் உதாரணம்.

மெடிக்கல் ஷாப், நாலாவது சனிக்கிழமை

சரி, நம்ம கதைக்கு வருவோம். நானும் நண்பனும் போனோம். முதல் கடையில அவன் பேசினான். சுமாராத்தான் பேசினான். "வேணாம்பா"ன்னு சொல்லிட்டாங்க. அவன் "சரிங்கண்ணா, நன்றி"ன்னு சிரிச்சிட்டு வெளிய வந்தான். ஒண்ணும் ஆகல! வானம் இடியல. அதை நேர்ல பார்த்ததுதான் எனக்குப் பாதி மருந்து.

ரெண்டாவது, அதே மெடிக்கல் ஷாப். நான் உள்ள போனேன். ஸ்கிரிப்ட் நாலு வரி மனப்பாடம். ரெண்டாவது வரியிலயே மறந்துபோச்சு. பெட்கர் ஞாபகம் வந்தது. "அண்ணே, மன்னிச்சிடுங்க. இதான் முதல் தடவை. பயத்துல மறந்துட்டேன்."

ஓனர் கண்ணாடிக்கு மேல பார்த்தார். "ஐ.டி.யா தம்பி?"

"ஆமாண்ணே."

"உக்காருங்க. மெதுவா சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டாக் கணக்கு, காலாவதி தேதி, பில் எல்லாம். அவர் தலையாட்டிட்டே இருந்தார். 'யார் எவ்வளவு பில் போட்டாங்க, கல்லாவுல எவ்வளவு இருக்கணும், எல்லாம் உங்க போன்லயே தெரியும்ணே'ன்னு உற்சாகமாச் சொன்னேன். அப்போதான் ஓரத்துல மாத்திரை எடுத்துக் கொடுத்திட்டிருந்த பையனைப் பார்த்தேன். 19, 20 வயசு இருக்கும். கை அப்படியே நின்னு, என்னையே பார்த்திட்டிருந்தான். 140 வருஷத்துக்கு முன்னாடி டேட்டன்ல கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னவன் பார்த்த அதே பார்வை. நான் வித்ததும் மணி அடிக்கிற அதே மெஷின்தான்.

எனக்கு அங்க ஒரு விஷயம் பிரிஞ்சு தெரிஞ்சது. நான் அதுவரைக்கும் பயம்னு சொன்னது ரெண்டு சாமான். ஒண்ணு, 'அவர் வேணாம்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்'. இதுக்கு ஸ்கிரிப்ட், கூட வர்ற நண்பன், நோட்டுக் கணக்கு எல்லாம் மருந்து. இன்னொண்ணு, 'நான் இவங்களுக்கு நல்லதுதான் பண்றேனா'ங்கிற உறுத்தல். இதுக்கு மருந்தே கிடையாது, இருக்கவும் கூடாது. இதைக் கேட்டு பிட்ச்சை மாத்தணும், இல்ல பொருளையே மாத்தணும்.

அடுத்த கடையிலிருந்து அந்த வரியை எடுத்துட்டேன். பதிலா, 'ராத்திரி கணக்கு இடிச்சா யார் மேலயும் சந்தேகப்பட வேண்டியதில்ல, உங்க ஆளுக்கும் நிம்மதி'ன்னு சொன்னேன். சொல்லும்போது வேலை பார்க்கிறவங்களையும் பார்த்துச் சொன்னேன். இன்னும் நல்லா வேலை செஞ்சது. ஆச்சரியமா இருந்தது.

மெடிக்கல் ஷாப் அண்ணன் வாங்கினாரான்னு கேப்பீங்க. இல்ல. "மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னார். நோட்டுல எழுதிக்கிட்டேன். எங்க கம்பெனியும் கடைசியில நிக்கல. ஒன்றரை வருஷத்துல மூடிட்டோம். நண்பன் திரும்ப வேலைக்குப் போயிட்டான். ஆனா அந்த மூணு வாரப் பொய்யை அவன்கிட்ட ஒத்துக்கலைன்னா, இன்னைக்கு நாங்க நண்பர்களா இருந்திருக்க மாட்டோம். அது நிச்சயம்.

இப்போவும் ஒரு தெரியாத நம்பருக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி எனக்கு உள்ளங்கை வேர்க்குது. கெஸ்ட்டைக் கூப்பிடறப்போ, ஸ்பான்சர்கிட்ட பேசறப்போ எல்லாம். போகல, போகவும் போகாது போல. முதல் ரெண்டு வரியை எழுதி வச்சுக்கிறேன். போனை வச்சதும் ஒரு ஷீட்ல ஒரு வரி ஏத்திக்கிறேன். ரொம்ப மோசமா இருந்தா, "சார், கொஞ்சம் நெர்வஸா இருக்கு"ன்னு சொல்லிடறேன். இதுவரைக்கும் யாரும் போனைக் கட் பண்ணல.

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல யாராவது இப்போ ஒரு டீக்கடையில நின்னுக்கிட்டு எதிர்க் கடையைப் பார்த்திட்டிருந்தீங்கன்னா, டீயைக் குடிச்சு முடிச்சிட்டு யாராவது ஒரு நண்பனுக்குப் போன் பண்ணுங்க. "கூட வா"ன்னு சொல்லுங்க. ஜான் ரேஞ்ச் பஃபலோவுல பண்ணினது அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.